பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள்

அந்த ஆளை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். எதிரே எங்கள் இளம் மருத்துவர் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி அவர் தோளில் இறங்கியது. அதன் கால் ஒன்று முறிந்து தெறித்து, மூத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்த ஒரு பெரியவரின் காலடியில் போய் விழுந்தது.

"எவ்ளோ நேரம்டா நிக்கிறது? வயிறு வெடிக்குதுடா! பேஷாப் நஹி ஆ ரஹா, சம்ஜா க்யா?" என்று மூத்திரம் வராத வேதனையில் கத்தினான். அதற்குப் பிறகு வந்த வசவுகளில் இந்தி, மராத்தி, தமிழ் மூன்றும் இருந்தன. புனேயில் எங்கே தமிழ் காதில் விழுந்தாலும் எனக்குத் தலை தானாகத் திரும்பும். கூடத்தின் மூலையில் இருந்த என் அறையிலிருந்து ஓடி வந்து, "அதைக் கீழ வைங்க முதல்ல" என்றேன். தமிழைக் கேட்ட ஆச்சரியத்தில் வைத்துவிட்டான். வைத்த கையோடு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நின்றாள். ஒடிசலான பெண், தோளில் ஒரு துணிப்பை. இத்தனை ரகளையிலும் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குனிந்து, உடைந்த நாற்காலிக் காலை எடுத்து, யார் காலிலும் இடறாதபடி ஓரமாக வைத்தாள். தினமும் செய்கிற வீட்டு வேலையைப் போலச் செய்தாள்.

'அவன்' என்று எழுதுகிறேனே என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நேரில் அவனை நீங்க, வாங்க என்றுதான் பேசினேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். எழுதும்போதும் அந்த மரியாதையைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. கணவரின் கணினி வேலைக்காக புனே வந்து பாணேரில் குடியேறியவள். கேம்ப் என்கிற பகுதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், சிறுநீரியல் (யூராலஜி) பிரிவு நடத்தும் ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். நோயாளிக்கு ஆய்வு என்ன என்று புரியவைப்பது, சம்மதம் வாங்குவது, வரவேண்டிய நாளில் வரவைப்பது, நடந்ததை நடந்தபடி பதிவது, இவ்வளவுதான் என் வேலை. "இன்னிக்கு எத்தனை பேர் ஒழுங்கா ஒண்ணுக்குப் போனாங்க?" என்று என் கணவர் ராத்திரிச் சாப்பாட்டில் கேட்பார். அவருக்கு அது நகைச்சுவை. எனக்கு அதுதான் வருடாந்தர அறிக்கை.

அன்று அவனைக் கட்டிலில் நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். மூத்திரக் குழாய் வழியாக எதுவும் உள்ளே போகவில்லை. அடிவயிற்றில் மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கீறி, கூரான ஒரு கம்பியோடு குழாயை நேராகச் சிறுநீர்ப்பைக்குள் குத்தி இறக்கினார் அந்த இளம் மருத்துவர். நாற்காலி அடி வாங்கிய தோளை அசைக்க முடியாமல் இன்னொரு கையால்தான் செய்தார். ரத்தம் கலந்த மூத்திரம் பீறிட்டு வந்தது. அவன் கெட்ட வார்த்தையை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தான்.

பரிசோதனையில் காரணம் தெரிந்தது. மூத்திரக் குழாயின் நடுவே, இரண்டு தொடைக்கும் இடையில் வருகிற இடத்தில், பழைய காயம் ஆறித் தழும்பாகி வழியை அடைத்திருந்தது. எப்படி அடிபட்டது என்று கேட்டேன். "இரும்பு கேட் ஏறிக் குதிச்சேன் மேடம். வழுக்கி, ரெண்டு பக்கமும் கால் போட்ட மாதிரி விழுந்துட்டேன். அஞ்சாறு மாசம் ஆச்சு" என்றான். மருத்துவர்கள் தலையாட்டினார்கள். அந்த மாதிரி விழுந்து வருகிறவர்கள் உண்டு. மனைவி சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்களிடம் நடந்துகொண்டிருந்த ஆய்வு இந்தத் தழும்பைப் பற்றியதுதான். உள்ளே கேமராவை விட்டுத் தழும்பை வெட்டித் திறந்துவிடலாம், அது சின்ன வேலை. ஆனால் வெட்டிய இடம் மறுபடி சுருங்கி மூடப் பார்க்கும். அதனால் வெட்டிய பிறகு, வழவழப்பான ஒரு மெல்லிய குழாயை வீட்டிலேயே தினமும் ஒரு தரம் உள்ளே விட்டு எடுத்து, போகப் போக வாரம் ஒரு முறையாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினால் வழி திறந்தே இருக்குமா என்பது கேள்வி. பாதிப் பேர் குழாய் போடுவார்கள், பாதிப் பேர் போடமாட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைக் கணினி சொல்லும். இவனுக்குக் குழாய் என்று சொன்னது.

ஆய்வின் பெயரிலேயே 'சுய' என்று இருந்தது. நோயாளி தன் கையால் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. "எனக்குக் கை நடுங்குது, மயக்கம் வருது" என்று ஆண் சொன்ன மறுநிமிடம், எங்கள் துறைத் தலைவர் கதவோரம் நிற்கிற பெண்ணைப் பார்த்து, "பாய்கோ கரேல் நா" என்பார். பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள். நல்ல மருத்துவர்தான், கத்தியைப் பிடித்தால் கை அசையாது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்குமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சம்மதக் கையெழுத்து ஆணுடையது, வேலை பெண்ணுடையது. சுய சிகிச்சை என்ற பெயரில் நாங்கள் சேர்த்த கணக்கில் பாதிக்கு மேல் பெண்டாட்டிகளின் உழைப்பு. இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். ஆய்வு அறையில் ரப்பரில் செய்த ஓர் ஆண் இடுப்பு மாதிரி இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குழாயில் களிம்பு தடவ வேண்டும், இந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும், தடுத்தால் முட்டித் தள்ளக் கூடாது, அவர் மூச்சை விடும்வரை பொறுத்திருக்க வேண்டும். முதல் தடவையே சரியாகச் செய்தாள். மெச்சினேன். குழாயைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இரும்பு கேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல அக்கா. நான்தான் ஒதச்சேன்."

கோர்படியில் ரயில் பாதையை ஒட்டி அவர்கள் வீடு. மாமனார் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர். இவன் ஒரு பட்டறையில் ஃபிட்டர். கல்யாணமான வருடத்திலிருந்து அடி. பெல்ட், செருப்பு, கையில் எது கிடைக்கிறதோ அது.

"அன்னைக்குக் கீழ தள்ளி, ரெண்டு பக்கமும் கால வச்சிகினு நின்னு, குக்கர் மூடியால அடிச்சிகினே இருந்தாரு. கண்ணெல்லாம் ரத்தம். பஸ், அவ்ளோதான், இதோட செத்தேன்னு நெனச்சேன். குதிகாலால மேல ஒதச்சேன். பாத்து ஒதைக்கல அக்கா. அங்க போய்ப் பட்டுச்சு." நெற்றி முடியை விலக்கிக் காட்டினாள். வகிட்டிலிருந்து காது வரை தையல் தழும்பு.

"நல்லா ஒதச்சீங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. "நல்லா இல்ல அக்கா. ஒண்ணுக்கு வராம ஒரு ஆளு துடிக்கறத நீங்க வூட்டுல பாக்கல. நான் செஞ்சது அது" என்றாள்.

போலீஸுக்குப் போகலாம் என்று அன்றே சொன்னேன். பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பின் எண்ணையும் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "போனா மொதல்ல என்னதான் கேப்பாங்க. ஆஸ்பத்திரில கெடக்கறது அவரு, ஒதச்சது நானு" என்றாள். என்னிடம் ஆத்திரம் மட்டும்தான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வெட்டித் திறந்தார்கள். வயிற்றுக் குழாயை எடுத்தார்கள். தினமும் காலையில் அவள் அவனுக்குக் குழாய் போட ஆரம்பித்தாள். ஆய்வுக்கு வரும் நாட்களில் என் அறையில் உட்கார்ந்து சொல்வாள். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிப் படுத்திருப்பானாம். அவள் கையில் குழாயை எடுத்தாலே தொடை நடுங்குமாம். "அந்த நேரத்துல மட்டும் 'மெதுவாம்மா, மெதுவாம்மா'ன்னு சொல்லுவாரு. பதினேழு வருசத்துல நான் அந்தப் பேச்சக் கேட்டதே இல்ல." குழாய் தினமும் போட்ட அந்த மாதங்களில் அவன் அவளை அடிக்கவில்லை. ஒருநாள்கூட இல்லை.

எங்கள் பிரிவில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஒரு புனல், புனலுக்குக் கீழே அளக்கும் கருவி, வெளியே ஒரு திரை. உள்ளே ஆள் மூத்திரம் போகப் போக, திரையில் கோடு வரையும். வழி திறந்திருந்தால் கோடு மேலே ஏறி, மணி கவிழ்த்தது போல வளைந்து இறங்கும். அடைப்பு இருந்தால் தரையோடு தரையாகத் தவழும். அவன் கோடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. துறைத் தலைவருக்கு ஏக சந்தோஷம். அவளை மற்ற நோயாளிகளின் மனைவிமார் முன்னால் நிறுத்தி, "இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார்.

தினமும் என்பது வாரம் இரண்டாகி, பிறகு வாரம் ஒன்றானது. அவனுக்குப் பயம் விட்டுப்போனது. பயம் போன அளவுக்குக் கை திரும்பி வந்தது. முதலில் தோளில் ஒரு காயத்தோடு வந்தாள். அடுத்த முறை உதடு கிழிந்திருந்தது. அவன் தேறத் தேற அவள் அடி வாங்கினாள். நான் அந்தத் திரையைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கோடு ஏறினால் எல்லோரும் கை தட்டினார்கள், நான் அவள் முகத்தில் புதுக் காயம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஒருநாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவன் லுங்கியில் ரத்தம். அவளுடைய இடது கண் மூடிக்கொண்டிருந்தது, கன்னம் முழுக்க வீக்கம். குழாய் போட்டுக்கொண்டிருக்கும்போதே, ஏதோ வலித்ததென்று, படுத்தவாக்கில் ஓங்கி அறைந்திருக்கிறான்.

"இவதான் வேணும்னே குத்துனா மேடம்" என்றான்.

"பாதி உள்ள இருந்துச்சு அக்கா" என்றாள் அவள், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "ரெண்டாவது அடி விழுந்தப்பவும் நான் கைய விடல. விட்டிருந்தா உள்ள கிழிஞ்சிருக்கும். அப்பிடியே புடிச்சிகினு வெளிய எடுத்துட்டுத்தான் விழுந்தேன்."

பரிசோதித்த மருத்துவர் பெரிய காயம் இல்லை, மேலாக உராய்ந்ததுதான் என்றார். குழாயை அவள் நேராகப் பிடித்திருந்ததால்தான் அவன் பிழைத்தான் என்றும் சொன்னார். ஆய்வில் ரத்தம் வந்தால் காரணம் எழுத வேண்டும். 'குழாய் உள்ளே இருக்கும்போது நோயாளி மனைவியை அடித்தார்' என்று எழுதினேன். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நோயாளி அசைந்தார் என்று எழுதினால் போதுமே, நாம் யூராலஜிஸ்டுகள், போலீஸ் இல்லை" என்றார். "அசைந்தது அவர் கை சார், விழுந்த இடம் அவள் கண்" என்றேன். மாற்றமாட்டேன் என்றேன். வெளியே வந்து கழிப்பறைக் கதவைக் காலால் உதைத்தேன், கால்தான் வலித்தது.

அன்று கிளம்பும் முன் அவள் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா, இப்பவே குழாய நிறுத்திட்டா மறுபடி மூடிக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கேட்பது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். வழி அடைத்தால் அவனுக்குப் பயம் வரும். பயம் இருந்தால் கை ஓங்காது. ஒரு குழாயைப் போடாமல் விடுவது மட்டும்தான் அவள் கையில் இருக்கிற ஆயுதம். என் வேலைப்படி நான் 'தவறாமல் போடுங்கள்' என்று சொல்ல வேண்டும். அவள் மூடிய கண்ணைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"மூடலாம். கண்டிப்பா மூடும்னும் சொல்ல முடியாது" என்றேன்.

"கடைசி வரைக்கும் சரியா போட்டா?"

"அப்பத்தான் தெறந்தே இருக்க வாய்ப்பு அதிகம்."

தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. அடி வாங்கிய மறுநாள் காலையிலும் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் போட்டாள். வீங்கின விரலோடு போட்டாள். எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. இந்த ஆளுக்கா, இவ்வளவு அக்கறையா என்று பொறுமினேன்.

கடைசிப் பரிசோதனை நாள் வந்தது. அவன் புது சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி நிறையப் பேடா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். இந்த ஊரில் பிள்ளை பிறந்தாலும் பேடாதான், பரீட்சையில் தேறினாலும் பேடாதான். புனல் அறைக்குள் போனான். திரையில் கோடு ஏறியது, அழகாக வளைந்து இறங்கியது. பாடப் புத்தகத்தில் போடலாம். துறைத் தலைவர் அவன் முதுகில் தட்டி, இன்றோடு குழாயை நிறுத்திவிடலாம், மூத்திரம் மெலிந்து வந்தால் மட்டும் உடனே வரவேண்டும் என்று சொன்னார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் பேடா கொடுத்தான். மனைவியின் வாயிலும் ஒன்றைத் திணிக்கப் போனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறைந்தான். அத்தனை பேர் முன்னாலும், பேடா பிசுபிசுத்த கையாலேயே. அவள் தலை சுவரில் மோதிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பெட்டி கவிழ்ந்து பேடாக்கள் தரையெங்கும் உருண்டன. காவலாளி பட்டாளத்தில் இருந்தவர். பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினார். வரிசையிலிருந்த இரண்டு மூன்று பேர் எழுந்து அவன் முகத்திலும் வயிற்றிலும் குத்தினார்கள். அன்று நான் யாரையும் தடுக்கவில்லை. நாற்காலி அடி வாங்கிய அந்த இளம் மருத்துவர்தான் ஓடி வந்து, "வயித்துல அடிக்காதீங்க, வயித்துல வேண்டாம்" என்று இந்தியில் கத்திக்கொண்டே நடுவில் புகுந்தார்.

அவள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். காதோரம் ரத்தம் வழிந்தது. பஞ்சு வைத்து அழுத்தினேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? நீங்க தமிழ்ல சொல்லுங்க."

"வழி நல்லா தெறந்திருக்குதுங்க. இனிக் குழாய் வேண்டாம்."

"நல்லாயிடுச்சா? மொத்தமா?"

"இன்னைக்கு நல்லா இருக்கு. இதுக்கு மேல இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது."

பெருமூச்சு விட்டாள். துணிப்பையிலிருந்து மிச்சக் குழாய்களையும் களிம்பையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். பைக்குள் இரண்டு சேலை, ஒரு சீப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் ஒடச்சது அக்கா அது. அத்த அப்பிடியே வுட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது. சரி பண்ணிட்டுத்தான் போவணும்னு இருந்தேன்."

வருடம் முழுக்க நான் அவளைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது எப்போது மூடும் என்று இல்லை, எப்போது கிளம்பலாம் என்று. நான் கொடுத்திருந்த எண்ணில் பேசி, தங்க இடம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். பின்வாசல் வழியாக அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். கூடத்தில் அவன் இன்னும் அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

அடுத்த மழைக்காலத்தில் அவன் தனியாக வந்தான். நாற்காலி எதையும் தூக்கவில்லை. தூக்கத் தெம்பில்லை. புனல் அறையில் வெகுநேரம் நின்றான். கோடு தரையைவிட்டு எழும்பவே இல்லை. தழும்பு மறுபடி சுருங்கியிருந்தது. மறுபடி வெட்டித் திறந்தார்கள். இந்த முறை குழாயை நிறுத்தவே கூடாது, வாராவாரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி, என் அறைக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார். கதவோரம் யாரும் நிற்கவில்லை என்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.

"அவள வரச் சொல்லுங்க மேடம். உங்ககிட்ட நம்பர் இருக்கும். எனக்கு வேற யாரு போடுவா? நான் இனிமே தொடவே மாட்டேன், சத்தியமா" என்று அழுதான்.

எண் இருந்தது. அவள் ஹிஞ்சேவாடி பக்கம் ஒரு விடுதிச் சமையற்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு, எதையும் மறைக்காமல் அவளிடம் போனில் சொன்னேன். நீங்க வரணும்னு நான் கூப்பிடலைங்க, தெரியணும்னு சொல்றேன், என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். மனம் இளகிவிடுவாளோ என்று எனக்குப் பக்கென்றது.

"அவருக்குக் கை ரெண்டும் நல்லாதானே இருக்குது அக்கா?" என்றாள்.

"இருக்குது."

"என்ன அடிக்கச் சொல்லோ ஒருநாளும் நடுங்குனதில்ல அந்தக் கை. அதாலயே போட்டுக்கச் சொல்லுங்க." பிறகு, "குக்கர் விசில் வந்துடுச்சு, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவனை உள்ளே கூப்பிட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். ரப்பர் மாதிரியை அவன் முன்னால் இழுத்து வைத்து, குழாயை அவன் உள்ளங்கையில் கொடுத்தேன். நடுங்கியது. குழாயை நான் பிடித்துக்கொள்ள மாட்டேனா என்று என்னைப் பார்த்தான். நான் என் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.